அறுபது ஆகட்டும்

டிசம்பர் பிறந்தால் ஆனந்தபாய்க்கு இரண்டு வேலை. ஒன்று, கிறிஸ்மஸுக்கு வீட்டை வெள்ளையடிப்பது. இன்னொன்று, வில்லேஜ் ஆபீசுக்குப் போய், தனக்குப் புருஷன் இல்லை என்று எழுதி வாங்கி வருவது. வெள்ளையடிப்பை அவள் சில வருஷம் தள்ளிப் போட்டதுண்டு. மற்றதைத் தள்ள முடியாது. மாதம் முடிவதற்குள் அந்த சர்டிபிக்கேட் பஞ்சாயத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விதவை பென்ஷன் நின்றுவிடும். செத்துப்போன யோசுவா திரும்பி வரமாட்டான் என்பதில் சர்க்காருக்குச் சந்தேகம் கிடையாது. இருக்கிறவள் இடையில் வேறு எவனையாவது கட்டிக்கொண்டாளா என்பதில்தான் வருஷா வருஷம் சந்தேகம்.

முதல் சில வருஷம் அவள் வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. அப்புறம் வந்த ஒரு ஆபீசர் கொஞ்சம் கறாரான ஆள். "நீங்களே சொன்னால் எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து சாட்சி ஒப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒப்பிடுவது என்றால் அங்கே கையெழுத்துப் போடுவது. ஆனந்தபாய் வீட்டுக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ரோடு, பின்னால் யாருமில்லாத தென்னந்தோப்பு. மிச்சமிருந்தது செம்பருத்தி வேலிக்கு அந்தப்புறத்து செல்லையன்தான். பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். பெண்டாட்டியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். ஒரே மகள் ஜெஸ்மியை அம்பூரியில் கட்டிக் கொடுத்திருந்தார். ஆட்டோவும் ஆச்சு, சாட்சியும் ஆச்சு என்றுதான் அவள் அன்றைக்கு நினைத்தாள். அதற்குமேல் அவள் எதுவும் நினைக்கவில்லை. இதை நம்பலாம்.

இப்படித்தான் வருஷத்துக்கு ஒரு நாள், டிசம்பர் மாதத்தில், ஆனந்தபாய் நல்ல சேலை உடுத்து, பவுடர் போட்டு, செல்லையன் ஆட்டோவில் ஏறிப் போவாள். அவர் அவளுக்குப் புருஷன் இல்லை என்று ஒப்பிட்டுக் கொடுப்பார். இரண்டு பேரும் திரும்பி வருவார்கள்.

வந்த வழியேதான் திரும்பினார்கள் என்று சொல்லிவிட முடியாது. முதல் வருஷம் ஆபீசைவிட்டு வெளியே வந்ததும் செல்லையன், "பெட்ரோல் களியக்காவிளைல அடிச்சா லாபமாக்கும். ஒரு எட்டு போயிட்டு வருவோமா?" என்று கேட்டார். பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. எல்லைக்காரர்களுக்கு இது ஒரு சௌகரியம். எதற்கு அந்தப் பக்கம் போனாய் என்று எவனும் கேட்க மாட்டான். அரிசி விலை, பெட்ரோல் விலை என்று சொல்லிக்கொள்ள எப்போதும் ஏதாவது இருக்கும். பெட்ரோல் அடித்த கையோடு அங்கே ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தார்கள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. செல்லையன் இரண்டு சாயையும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் சொன்னார். தன் தட்டிலிருந்து பெரிய பழம்பொரியை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ரோட்டைப் பார்த்தார். யோசுவாவோடு குடித்தனம் பண்ணின காலமெல்லாம் ஆனந்தபாய்க்கு யாரும் பெரியதை எடுத்து வைத்ததில்லை. அவள் அதைத் தின்ன வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுக்கு வருஷம் என்பது டிசம்பருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட ஒரு நீண்ட காத்திருப்பு ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் கிறிஸ்மஸுக்குக் காத்திருந்தார்கள். அவள் வில்லேஜ் ஆபீசுக்குக் காத்திருந்தாள்.

மூன்றாவதோ நாலாவதோ டிசம்பரில், அதே கடையில், செல்லையன் கேட்டேவிட்டார்.

"நமக்கு ஓலை வாசிக்கச் சொல்லட்டா?"

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் பீடத்தில் நின்று பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசிப்பார். தடை சொல்ல ஆளிருந்தால் சொல்லலாம். இதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். ஆனந்தபாய்க்கு ஓலை என்றால் சின்ன வயதிலேயே ஒரு மயக்கம். முதல் கல்யாணத்துக்கு அவள் பேரை முதலில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். சபைக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு வாரமும் பெண் வரக்கூடாது என்று தகப்பனார் சொல்லிவிட்டார். ஒரு ஆளின் பேரோடு சேர்த்துத் தன் பேரை வாசிப்பதை அவள் காதால் கேட்டதே இல்லை. செல்லையன் கேட்டதும் அவளுக்கு முதலில் அந்தச் சத்தம்தான் காதில் வந்தது. செல்லையன், ஆனந்தபாய். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பென்ஷன் நின்னுபோவுமே" என்று வாய் சொல்லிற்று.

செல்லையன் சிரித்துவிட்டார். "பெரிய பென்ஷன். அது நான் தருவேன்."

"தருவீரு. நான் கேக்கணும் இல்லியா?"

அவருக்கு இது புரிய ஒரு சாயை குடிக்கிற நேரம் ஆயிற்று. சிலருக்கு ஆயுசு முழுக்க இருந்தாலும் புரியாது. ஆகையால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கதை இதுதான். யோசுவா உயிரோடு இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் மீனுக்கும் மகன் சஜனின் பென்சிலுக்கும் அவள் அவனிடம் கேட்க வேண்டும். கேட்டால் முதலில் திட்டு, பிறகு காசு. குடித்திருந்தால் அடி, காசு கிடையாது. அவன் போனபிறகு சஜன் வளர்ந்து பெங்களூருக்குப் போனான். அவனிடமும் கேட்கத்தான் வேண்டியிருந்தது. "பாக்கேன் அம்மா" என்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் கூட்டுறவு சொசைட்டிக்காரன் வாசலில் வந்து நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேட்காமலேயே பென்ஷன் பணத்தை அவள் கையில் வைத்தான். அன்றைக்கு ஆனந்தபாய் அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். பார்த்தவர்கள் யோசுவாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பென்ஷன் வாங்கித் தந்தது கொஞ்சநஞ்சமில்லை. பிரஷர் மாத்திரை, கேஸ் சிலிண்டர், கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை, காணிக்கைத் தட்டில் மற்றவர்களைப்போல ஒரு நோட்டு. அதற்குப் பின்னால் சர்க்கார் வீடும் வந்தது. கணவனில்லாதவள் என்பதால் முன்னுரிமை என்று சொல்லி, ஓலைப்புரை இருந்த இடத்தில் கான்கிரீட் போட்டு, தரையில் டைல்ஸ் பதித்து, அவள் பேரில் எழுதிக் கொடுத்தார்கள். கக்கூஸும் உண்டு. அதுவரை இருட்டு விழக் காத்திருந்து ரப்பர் தோட்டத்துக்குள் போனவள் அவள். முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வேண்டுமென்றே வெகுநேரம் இருந்தாள். யாரும் வந்து தட்டவில்லை. ஆள் நடமாட்டம் கேட்டுப் பதறி எழ வேண்டியதில்லை.

தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகும்போது மற்ற பெண்கள் புருஷன்மாரைப் பற்றிக் குறை பேசுவார்கள். ஆனந்தபாய் சிரித்துக்கொண்டே, "எனக்கு சர்க்காராக்கும் மாப்பிள்ளை. கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான்" என்பாள். சில வருஷம் மாதக்கணக்கில் பென்ஷன் வராமல் ஓணத்துக்கு மொத்தமாக வந்ததுண்டு. அதுவும் மாப்பிள்ளை லட்சணம்தான் என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் சர்க்கார் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு என்ன கறி என்று கேட்காது. கறி நன்றாயிருக்கிறது என்று சொல்லவும் சொல்லாது. டைல்ஸ் போட்ட வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து, ஒற்றைத் தட்டைக் கழுவி வைப்பாள். இதைத் தொழிலுறப்பில் சொல்ல முடியுமா?

வழி கண்டுபிடித்தவள் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கணக்கு பார்க்கிற சிஜி. அவளுக்குத் தெரியாத சர்க்கார் காரியம் கிடையாது. ஆனந்தபாய் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டாள். சிஜியும் யாருக்கோ சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அறுபது ஆவட்டும் மாமி. அறுபது ஆனா விதவை பென்ஷனை விட்டுட்டு வயசு பென்ஷனுக்கு எழுதிக் குடுக்கலாம். அதே காசு. அதுக்கு மாப்பிள்ளை உண்டா இல்லியாண்ணு ஆரும் கேக்க மாட்டாவ."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ்வளவு பொறுமை இல்லாதவங்க அந்தப் பக்கம் போய், களியக்காவிளைல ஏதாவது சின்ன சபைல கெட்டிட்டு வரலாம். இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்றாள். எல்லைக்காரர் புத்தி அது. அந்தப் பக்கம் பண்ணினது இந்தப் பக்கம் சேராது என்று ஒரு நம்பிக்கை.

ஆனந்தபாய்க்கு அது பிடிக்கவில்லை. ஒளித்துக் கட்டின கல்யாணத்துக்கு ஓலை ஏது? கேட்காமல் கிடைக்கிற பணத்தைப் பொய் சொல்லி வாங்குவதும் அவளுக்கு ஒத்துவராது. அந்த டிசம்பரில் பழம்பொரித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அறுபது ஆகட்டும்" என்றாள். செல்லையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "ஆகட்டும்" என்றார். ஜோசியரிடம் போய் முகூர்த்தம் பார்க்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கு சர்க்காரே நாள் குறித்துக் கொடுத்துவிட்டது.

காத்திருந்தார்கள். சாயங்காலம் ஆட்டோவை உள்ளே விடும்போது செல்லையன் ஒரு சின்ன ஹாரன் அடிப்பார். ரோட்டில் கோழிகூட இருக்காது. அவள் வெளி லைட்டைப் போடுவாள். அவ்வளவுதான் பேச்சு. பலாச்சக்கை பழுத்தால் வேலிமேல் ஒரு பாதி இருக்கும். மீன்கறி வைத்தால் வேலிமேல் ஒரு கிண்ணம் இருக்கும். முன்பெல்லாம் "செல்லையண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அண்ணன் என்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்தாள். சபையில் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் இவள். பாட்டில் அவர் குரல் எப்போதும் ராகத்துக்கு அரை அடி பின்னால் வரும். அத்தனை குரலுக்குள்ளும் அதை அவள் தேடிப் பிடித்துவிடுவாள். இளசுகளுக்கு ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

போன ஓணத்துக்கு முந்தின வாரம் செல்லையன் ஹாரன் அடித்தார். வழக்கமான சின்ன ஹாரன் இல்லை. கையை எடுக்காத ஹாரன். ஆனந்தபாய் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங் கம்பியில் சாய்ந்து, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிற ஷிஜுவைக் கூவி அழைத்தாள். அவன் அந்த ஆட்டோவையே ஓட்டினான். பின்சீட்டில் செல்லையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் வரை போனாள். ஊர் பார்த்தாலும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. ஊர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சட்டென்று நடந்தது. அவர் பர்சிலிருந்த இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினாள். ஒரு பைசா கட்டச் சொல்லவில்லை. ரத்தக்குழாய்க்குள் ஸ்ப்ரிங் மாதிரி ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். அதுவும் சர்க்கார் செலவு. ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் தோட்டத்தை விற்பார்கள், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அவள் சர்க்காரை மனசார வாழ்த்தினாள். பிறகு ஐ.சி.யூ. கதவில் நின்ற பையன், பைஸ்டாண்டர் யார் என்று கேட்டான். கூட நிற்கிற ஆளுக்கு அங்கே அதுதான் பேர். அவள் முன்னால் போனாள்.

"ரோகிக்கு நிங்ஙள் ஆரா?"

நோயாளிக்கு அவள் யார்? மனைவி என்று சொன்னால் பொய். அக்காள், தங்கை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"அயல்பக்கமாக்கும்" என்றாள்.

பையன் மரியாதையாகத்தான் சொன்னான். சொந்தக்காரர்கள் வரட்டும், ஒப்பிட வேண்டும், அதுவரை கீழே இருங்கள் என்றான். அம்பூரி மலையிலிருந்து ஜெஸ்மி வந்து சேர மூன்று பஸ் மாற வேண்டும். அதுவரை அவள் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வேறு யாருக்கோ கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து நின்றாள். ஜெஸ்மி வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல பெண். "மாமி இல்லாட்டா அப்பா போயிருப்பாரு. இனி நிங்க வீட்டுக்குப் போயி படுங்க. நாங்க உண்டு" என்றாள். ஆனந்தபாய் உள்ளே இருப்பவரைப் பார்க்காமலேயே பாறசாலை பஸ் ஏறினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை வரைக்கும் அழுதாள். சர்க்கார் எல்லாம் தந்தது. அந்தக் கதவுக்கு உள்ளே போக மட்டும் அவள் யாரும் இல்லை.

ஜெஸ்மி தகப்பனாரையும் ஆட்டோவையும் அம்பூரிக்கே கொண்டு போனாள். வேலிக்கு அந்தப்புறம் இருட்டு. சாயங்காலம் ஹாரன் இல்லை. ஆனந்தபாய் நேரம் ஆனதும் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். மீன்கறி வைக்கத் தோன்றவில்லை. போனில் பேசலாம்தான். ஜெஸ்மி எடுத்து, "அப்பா உறங்குதாரு மாமி" என்பாள். சுகமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். அயல்பக்கத்துக்காரிக்கு அதற்குமேல் என்ன கேள்வி இருக்கிறது? ஐம்பத்தொன்பது வயதில் ஒரு ஆளுக்காக இப்படி ஏங்குவது அவளுக்கே வெட்கமாயிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஏங்கினாள்.

டிசம்பர் பிறந்த மூன்றாம் நாள் ஹாரன் கேட்டது. செல்லையன் இறங்கி நின்றார். சட்டை தோளில் தொங்கிற்று. "சர்டிபிக்கேட் எடுக்காண்டாமா? ஜெஸ்மிகிட்ட சண்டை போட்டிட்டு வந்தேன். இதாக்கும் கடைசி" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே ஓடி, நல்ல சேலை எடுத்தாள்.

வில்லேஜ் ஆபீசில் கறார்காரர் மாறிப் போயிருந்தார். ரேஷ்மி என்று புதிதாக ஒரு பெண். சஜனைவிட இளையவள். முதலில், மறுகல்யாணம் பண்ணவில்லையே என்ற வழக்கமான கேள்வியை மலையாளத்தில் கேட்டாள். வேறே கல்யாணம் கழிச்சிட்டில்லல்லோ? ஆனந்தபாய் வழக்கமான பதிலைச் சொன்னாள். "இல்ல." அதில் தடுமாற்றம் ஒன்றும் வராது. இத்தனை வருஷம் சொல்லிப் பழகின வாய். சாட்சி ஒப்பிட வேண்டிய இடத்தை ரேஷ்மி காட்டினாள். செல்லையன் ஆனந்தபாயின் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். குனிந்து பேனாவைத் திறந்தார். பேனா பிடித்த கையில் ஊசி குத்தின இடம் இன்னும் கறுத்துக் கிடந்தது.

ரேஷ்மி ஆபீஸ் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, சும்மா இருக்கக் கூடாதே என்று, அன்பாக ஒன்று கேட்டாள்.

"அம்மே, வீட்டில் ஆருமில்லே? சுகமில்லாம வந்தா நோக்கான் ஆளுண்டோ?"

சுகமில்லாவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பது எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. இதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. யாருமில்லை மக்கா, ஆண்டவர் உண்டு. எத்தனையோ ஆபீசில், எத்தனையோ மேஜைக்கு முன்னால் நின்று சொன்னதுதான். அப்படிச் சொல்லித்தான் எல்லாம் கிடைத்தது. இன்றைக்கு அவள் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தாள். அவளுக்கு யாருமில்லை என்று ஒப்பிடுவதற்காக, மலை இறங்கி, மகளிடம் சண்டை போட்டு வந்து, அவள் குடையை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

"உண்டு" என்றாள்.

"ஆரா?"

"இவரு."

செல்லையன் பேனா நின்றது. ரேஷ்மி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. நல்ல மனசுக்காரி, குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அது சாரமில்ல அம்மே. கல்யாணம் கழிஞ்ஞிட்டில்லல்லோ? அப்போ குழப்பமில்ல. நான் எழுதித் தராம்."

குழப்பமில்லை. உண்மைதான், சட்டப்படி ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினால் போதும். இன்னும் ஒரே ஒரு வருஷம். சொசைட்டிக்காரன் வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான். மாத்திரைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அறுபது ஆனதும் எல்லாம் முறையாக நடக்கும். அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள் அந்த நீள ஹாரன் மறுபடி கேட்டால்? மறுபடி அந்தக் கதவில் நின்று அயல்பக்கம் என்று சொல்ல வேண்டுமா?

"வேண்டாம் மக்கா. எழுதாண்டாம்" என்றாள். "வாற ஞாயிறு எங்களுக்கு ஓலை வாசிக்கப் போறாவ."

போதகருக்கே தெரியாத சேதி. செல்லையனுக்கும் அப்போதுதான் தெரியும்.

வெளியே வந்து ஆட்டோவைக் கிளப்பாமல் அவர் படபடத்தார். "உனக்கென்ன கிறுக்கா ஆனந்தம்? ஒரு வருஷந்தானே பாக்கி? இத்தனை வருஷம் பொறுத்தோம் இல்லியா?"

"ஒரு வருஷம் உண்டுண்ணு ஒமக்கு ஆரு ஒப்பிட்டுத் தந்தா?"

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் களியக்காவிளைப் பக்கம் திரும்பப் பார்த்தது. "அங்க வேண்டாம். ஷிஜுக்க கடைல நிறுத்தும்" என்றாள் ஆனந்தபாய்.

"நம்ம முக்கிலயா?"

"ஓ. நம்ம முக்கிலதான்."

சொல்லிவிட்டாளே தவிர, வழியெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் பயம். அடுத்த மாதம் வாசலில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். செல்லையன் நல்லவர்தான். நல்லவரிடம் கேட்பதும் கேட்பதுதானே. கையை நீட்டி நின்ற அந்தப் பழைய ஆனந்தபாய் அடுக்களையில் எங்கேயோ இன்னும் இருக்கிறாள். அவளை மறுபடி கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிட்டோமோ என்று இருந்தது. தான் ஆசைப்பட்டதும் இதற்குத்தான், பயப்படுவதும் இதற்குத்தான் என்று நினைத்து, சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

ஷிஜுவின் கடையில் ஆள் நிறைந்திருந்தது. காலைப் பால்வெட்டு முடித்து வந்த ரப்பர்காரர்கள், தொழிலுறப்புப் பெண்கள், நடுவில் சிஜி. அத்தனை பேருக்கும் முன்னால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச்சு கொஞ்சம் குறைந்தது. செல்லையன் சாயையும் பழம்பொரியும் சொன்னார். பெரியதை எடுத்து அவள் தட்டில் வைத்தார். இந்த முறை ரோட்டைப் பார்க்கவில்லை.

தின்று முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பர்சை எடுத்தார். அவருடைய வயசு பென்ஷன் முந்தின வாரம்தான் வந்திருந்தது. பர்சைத் திறக்காமல், அப்படியே முழுசாக அவள் மடியில் வைத்தார். ஆனந்தபாய் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"எனக்க பென்ஷன் இனி உனக்க கைல இருக்கட்டு" என்றார். "நீ கேக்காண்டாம். நான் கேக்கேன்."

பிறகு எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, ராகத்துக்கு அரை அடி பிந்துகிற அந்தக் குரலில், அவளுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"ஆனந்தம், சாயைக்குக் காசு தா."

சாயை ஆற்றிக்கொண்டிருந்த ஷிஜு ஆற்றுவதை மறந்து நின்றான். சிஜி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். போதகர் பீடத்தில் நின்று மூன்று ஞாயிறு வாசித்தாலும் ஊருக்கு இவ்வளவு தெளிவாக விளங்காது. ஆனந்தபாய்க்குக் கண் மறைத்தது. மறைத்த கண்ணோடு பர்சைத் திறந்து, தடவித் தடவி ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மிச்சம் கொண்டு வரணும், கேட்டீரா" என்றாள்.